கணக்கில் வராத கட்டிடம்

ஜனவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் நலம். உன் கழுத்து வலி எந்த அளவில் இருக்கிறது? பகல் முழுக்கத் திரைக்கு முன்னால் நீட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் கழுத்தும் எத்தனை நாள்தான் பொறுக்கும்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. இனி முக்கியமானவற்றைக் கடிதத்தில் மட்டும் பேசுவது என்று இந்த வருடத் தொடக்கத்தில் முடிவெடுத்தோம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, முக்கியமானது வந்துவிட்டது.

உங்கள் நிறுவனத்தின் இணைய உலாவி அடுத்த பதிப்பில் எப்படி மாறப்போகிறது என்று எங்கள் நூலகத்துக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. சோதனைப் பதிப்பை என் கணினியில் போட்டுப் பார்த்தேன். மேலே 'கோப்பு, திருத்து, காட்சி' என்று சொற்களாக வரிசையில் நிற்கும் மெனுவைக் காணோம். மூலையில் மூன்று கோடு மட்டும் இருக்கிறது. டேப்களெல்லாம் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கி, தலைப்பை இழந்து, வெறும் படமாக நிற்கின்றன. டேப்பை மூடும் பெருக்கல் குறி, அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனால்தான் எட்டிப்பார்க்கிறது. பக்கத்தை ஏற்றி இறக்கும் பட்டை மயிரிழை ஆகிவிட்டது. இதற்குச் 'சுத்தமான முகம்' என்று பெயராம். வரைந்த மகராசி யார் என்று விசாரித்துச் சொல்.

என் விருப்பம் இது. மெனு சொல்லாக இருக்க வேண்டும். படம் பார்த்துப் பெயர் சொல்லும் பாடத்தை நான் ஒன்றாம் வகுப்போடு முடித்துவிட்டேன். சொல் மெனு இருந்தால் விசைப்பலகையில் ஒரு எழுத்தைத் தட்டித் திறக்கலாம், மவுஸைத் தொடவே வேண்டாம். டேப் ஒரு விரல் நீளமாவது இருக்கட்டும். பெருக்கல் குறி டேப்பில் இருக்கவே வேண்டாம். இழுக்கும் பட்டை கட்டைவிரல் அகலத்தில் எப்போதும் கண்ணில் படட்டும்.

வேறு உலாவிக்கு மாறிக்கொள் என்று எழுதிவிடாதே. எங்கள் நூற்பட்டியல் மென்பொருள் உங்களுடையதில் மட்டும்தான் ஓடுகிறது. ஒரு நாளைக்கு எழுபது பதிவு ஏற்ற வேண்டிய இடத்தில் போன மாதம் சராசரி ஐம்பதைத் தாண்டவில்லை. தலைமை நூலகர் என் மேசைக்கு வந்து, "பார்சல் ரூம்ல நல்லா காத்து வரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்து நான்கு வருடமாக உட்கார்ந்த மேசையைக் காற்றுக்காக விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கில்லை. அந்தப் புதிய முகம் வந்தால் ஐம்பதும் போய்விடும், மேசையும் போய்விடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

கழுத்துக்குப் புதிதாக ஒரு தலையணை வாங்கினேன். இப்போது கழுத்தும் வலிக்கிறது, தூக்கமும் போய்விட்டது. உன் பாடு எப்படி? அத்தான் இன்னும் மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறாரா?

நீ தேடும் மகராசி நான்தான். ஒரு வருடமாக என்னதான் செய்கிறாய் என்று நீ கேட்டபோதெல்லாம் 'பார்க்கும்போது தெரியும்' என்றேனே, அது இதுதான். என் ஆசை உன்னுடையதற்கு நேர் எதிர். பக்கம் பேச வேண்டும், அதைச் சுற்றியிருக்கும் சட்டம் பேசக் கூடாது. உன் அறையில் மேசை எது, மேசைமேல் இருப்பது எது என்று யாருக்காவது தெரியுமா? உலாவியையும் அப்படிச் சந்தைக்கடையாக வைத்துக்கொள்ள உனக்குப் பிடிக்கிறது. மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. இதை நான் இட்டுக்கட்டவில்லை. சொல் மெனுவைத் தொடுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை, எண்ணியிருக்கிறோம். இரண்டு பேருக்காகத் தொண்ணூற்றெட்டுப் பேரின் முற்றத்தை அடைக்க முடியாது.

ஜூலையில் வெளிவருகிறது. நன்றாகப் போனால் எனக்குக் கீழே ஆறு பேர் கொண்ட குழு. அதனால் கொஞ்சம் வாழ்த்து, அப்புறம் திட்டு.

அது சரி, கடிதத்தை ஏன் டைப் அடித்து அனுப்புகிறாய்? உன் கையெழுத்தைப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கடிதப் போக்குவரத்துக்கே ஒத்துக்கொண்டேன்.

உன்,
வாலு


பிப்ரவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

நலமாக இருக்கிறோம். அத்தானின் கண்ணாடி நேற்று குளியலறையில் கிடைத்தது. அந்தத் தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையதை எடு. டைப் அடிப்பது உன் கண்ணுக்கு நல்லது என்பதால்தான், வேறொன்றுமில்லை.

வாழ்த்துகள். மனதாரச் சொல்கிறேன். கைதேர்ந்தவள் நீ; வரைந்ததில் ஒரு கோடுகூட அலட்சியமாக இல்லை. அதுதான் எனக்குக் கோபம். அலட்சியமாக வரைந்திருந்தால் தானே உதிர்ந்துவிடும்.

'எண்ணியிருக்கிறோம்' என்று எழுதியிருந்தாய். நான் பட்டப் படிப்பில் புள்ளியியலைத் துணைப்பாடமாக எடுத்தவள். யாராவது சதவீதம் சொன்னால் எண்ணப்பட்டவர்கள் எங்கே நின்றார்கள் என்று கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. நீங்கள் எப்படி எண்ணினீர்கள்? யாரை?

வாயால் சொன்னால் நீ நம்பமாட்டாய். சோதனைப் பதிப்பில் நான் வேலை செய்வதை அப்படியே திரைப்பதிவாக எடுத்து உனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு நிமிடம் ஓடும். மூட நினைக்காத டேப்பை அதில் பதினொரு தடவை மூடியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பதிவை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. என்மேல் தப்பு கண்டுபிடிக்கும் முன் முழுதாகப் பார்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்.

திரைப்பதிவை நான்கு தடவை பார்த்தேன். வாரத்துக்கு முந்நூறு பேருடைய அம்புக்குறி திரையில் எப்படி நகர்கிறது என்று பார்ப்பது என் வேலை. அவசரக்காரர்கள் குறியைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவார்கள். குழம்பியவர்கள் வட்டமடிப்பார்கள். உன்னுடைய அம்பு அவசரப்படவில்லை, குழம்பவும் இல்லை. போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. போய்ச் சேர்ந்த பிறகு நிற்க மாட்டேன் என்கிறது.

எப்போதிலிருந்து அக்கா?

அத்தானுக்குத் தெரியுமா? டாக்டரிடம் காட்டினாயா?

உன்,
வாலு


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. விதியை மீறி ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். காலையில் அத்தான் எடுத்து, "அவ குளிக்கிறாம்மா" என்றார். மத்தியானமும் நீ குளித்துக்கொண்டிருந்தாய். சாயந்திரமும் அதே பதில். ஒரே நாளில் மூன்று தடவை குளிக்கும் அளவுக்கு அங்கே என்ன அழுக்கு என்று கேட்டேன். "நான் என்னம்மா பண்றது, அவ சொன்னதை நான் சொல்றேன்" என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

நான் கேட்ட கேள்விகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீயாகச் சொல்லும் வரை கேட்கமாட்டேன். நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

எண்ணுவது இப்படி. எந்தப் பொத்தான் எத்தனை தடவை அழுத்தப்பட்டது என்று ஒவ்வொரு கணினியிலிருந்தும் உலாவியே எங்களுக்கு ஒரு அறிக்கை அனுப்பும். படித்தது என்ன என்பது அதில் இருக்காது. வேண்டாதவர்கள் உலாவியின் 'செட்டிங்ஸ்' எனும் அமைப்புப் பக்கத்தில் ஒரு சுவிட்சை அணைத்துவிட்டால் அதுவும் வராது. அப்படி அணைத்தவர்கள் எத்தனை பேர் என்று உடனே கேட்பாய். தெரியாது. அணைத்தவர்களை எப்படி எண்ணுவது?

சாப்பிடு, தூங்கு. ஒரு வரியாவது எழுது.

உன்,
வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். இடையில் வேலை அதிகம்.

உன் கடிதத்தின் கடைசிக் கேள்வியைப் படித்ததும் எழுந்து எங்கள் கணினிப் பிரிவுக்குப் போனேன். வாசகர் கூடத்தில் நாற்பத்திரண்டு கணினிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து உங்களுக்கு அறிக்கை போகிறதா என்று பிரிவுக்காரரைக் கேட்டேன். ஏதோ திருட்டுப் பட்டம் கட்டியதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாட்டின அன்னைக்கே அணைச்சாச்சு மேடம். வாசகர் சம்பந்தப்பட்டது எதுவும் இந்தக் கட்டிடத்தை விட்டு வெளிய போகாது" என்றார்.

திரும்பி வரும்போது படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். யோசித்துப் பார். மெனுவைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி, டேப்பை நீட்டி, பட்டையை அகலமாக்கி வைத்துக்கொள்ளும் ஆள் அதற்கு எங்கே போகிறான்? அமைப்புப் பக்கத்துக்கு. உங்கள் சுவிட்ச் எங்கே இருக்கிறது? அதே பக்கத்தில். தன் விருப்பம் என்னவென்று தெரிந்தவனுக்கு, தன்னை யாரும் எண்ண வேண்டாம் என்பதும் ஒரு விருப்பமாக இருக்கும். அவன் சுவிட்சை அணைத்துவிட்டு நிம்மதியாகச் சொல் மெனுவை வைத்துக்கொண்டிருக்கிறான். தங்களை எண்ண விடாதவர்களை நீங்கள் இல்லாதவர்கள் என்று எழுதிவிட்டீர்கள்.

இவ்வளவு படித்தவர்கள் கூடி இதைக் கவனிக்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. படித்தவர்கள்தான் அறிக்கையை நம்புவார்கள்.

நீங்கள் எண்ணாதவர்களை நான் எண்ணப்போகிறேன். தலைமை நூலகரிடம் பன்னிரண்டு வேலைநாள் வாசகர் கூடத்தில் உட்கார அனுமதி வாங்கியிருக்கிறேன். பட்டியல் வேலை தேங்கும் என்று முணுமுணுத்தார். ஏற்கெனவே தேங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன்.

கழுத்தைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். இரண்டு வாரம் எழுந்தும் நடந்தும் வேலை பார்த்ததில் முழங்கால்தான் கொஞ்சம் புகார் செய்கிறது.

கூடத்து வாசலில் பெரிய எழுத்தில் அறிவிப்பு ஒட்டினேன்: 'நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பதைப் பார்க்கமாட்டோம். சொல் மெனுவைத் திறக்கிறீர்களா என்பதை மட்டும் எண்ணுகிறோம். வேண்டாதவர்கள் பின்வரிசையில் உட்காரலாம்.' பின்வரிசைக்கு யாரும் போகவில்லை. மாறாக, வந்தவர்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தார்கள். இங்கே வாசகர் அட்டை எண்ணைப் போட்டதும் அவரவர் வைத்திருக்கும் அடுக்கு அப்படியே திரையில் வந்துவிடும். இருபத்து நான்கு வருடம் இந்தக் கட்டிடத்தில் இருந்திருக்கிறேன், ஒருவர் திரை இன்னொருவர் திரைமாதிரி இல்லை என்பதை இப்போதுதான் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற நில அளவையர் ஒருவர் டேப்களையெல்லாம் திரையின் அடியில் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "தரை கீழதானேம்மா இருக்கும்" என்றார். கைக்குழந்தையோடு தேர்வுக்குப் படிக்க வரும் ஒரு பெண் எல்லாப் பொத்தான்களையும் இடது ஓரத்தில் குவித்திருக்கிறாள். வலது தோளில் குழந்தை தூங்குகிறது. ஆராய்ச்சி மாணவன் ஒருவன் நூற்றுப் பன்னிரண்டு டேப் திறந்து வைத்திருக்கிறான். மூடேன் என்றேன். "ஒண்ணை மூடுனா ஒரு அத்தியாயம் மறந்துடும் மேடம்" என்றான். முக்கால்வாசிப் பேர் பெருக்கல் குறியைத் திட்டினார்கள். உன் சோதனைப் பதிப்பை ஒரு கணினியில் போட்டு வைத்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், பதினேழு பேர் அழகாக இருக்கிறது என்றார்கள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நுழைவாசலில் தலை எண்ணும் சின்னக் கருவியைக் கடன் வாங்கி இடது கையில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். ஏன் இடது கை என்று கேட்காதே.

பன்னிரண்டு நாளில் அறுநூற்றுப் பதினொரு வாசகர்கள். அவர்களில் சொல் மெனுவை ஒரு தடவையாவது திறந்தவர்கள் இருநூற்று முப்பத்தேழு. உன் நூற்றுக்கு இரண்டு இங்கே நூற்றுக்கு முப்பத்தொன்பது. தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். இவற்றை என்ன செய்வது என்பது உன் விஷயம். உன் குழு, உன் ஆறு பேர் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


மே 9

அக்கா,

தாள்கள் வந்தன. உடம்பு சௌக்கியம். 28ஆம் தேதி இறுதிக் கூட்டம். நான் வரைந்ததை நானே எழுந்து நின்று மறுக்க வேண்டும். உன்னை நினைத்தால் கோபமாக வருகிறது. உன் தாள்களில் ஒரு ஓட்டையாவது கிடைக்குமா என்று மூன்று நாள் தேடினேன். இல்லை.

போகிறேன்.

வாலு


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

கழுத்து சரியாகிவிட்டது. உட்கார், நிதானமாகப் படி.

பதினான்கு பேர் இருந்தார்கள். உன் எண்ணிக்கையைச் சுவரில் காட்டினேன். எங்கள் வடிவமைப்புத் தலைவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஒரு லைப்ரரிய வச்சு ஊரையே எடை போடுறீங்களே" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று தெரியும். மூலையில் இருந்த எண்ணிக்கைப் பிரிவுக்காரரிடம் திரும்பி, இந்த நாற்பத்திரண்டு கணினிகளிலிருந்து போன வருடம் முழுக்க நமக்கு வந்த அறிக்கை எத்தனை என்று பார்க்கச் சொன்னேன். தட்டிப் பார்த்தார். "ஒண்ணுகூட வரல" என்றார்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நல்ல மனிதர், தன் தொழிலில் ரோஷக்காரர். எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் குனிந்து வேறு எதையோ கழித்துக்கொண்டிருந்தார். நம் உலாவியின் புதுப்பிப்பை வாங்கிக்கொள்ளும் கணினிகள் எத்தனை, அறிக்கை அனுப்பும் கணினிகள் எத்தனை, அந்த வித்தியாசம். இதுவரை யாரும் கழித்துப் பார்க்கவில்லை அக்கா. அவர் தலையைத் தூக்கிச் சொன்னார்: "நூறு மெஷின் அப்டேட் வாங்குது. பேசுறது எழுபத்தொண்ணு. மிச்சம் இருபத்தொன்பது யாருன்னே நமக்குத் தெரியாது."

உலகத்தில் இருக்கும் எல்லா வாசகர் கூடமும் அந்த இருபத்தொன்பதில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

தலைவர் அந்தத் தாள்களைப் புரட்டி, இதை எடுத்தது யார் என்று கேட்டார். எங்க அக்கா என்றேன். யாரோ சிரித்தார்கள். "ஓ, அக்காவுக்காகப் பேசுறீங்களா?" என்றார்.

"இல்ல சார். ஒரு வருஷமா அக்காவுக்கு எதிரா வேலை பார்த்திருக்கேன். இப்பத்தான் தெரிஞ்சுது. அதைச் சொல்ல வந்தேன்."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் விவாதம். முடிவு இதுதான்: சொல் மெனு இருக்கும். பெருக்கல் குறி, டேப்பின் நீளம், பட்டையின் அகலம் எல்லாம் அவரவர் விருப்பம். அதற்கென்று ஒரு தனிப் பக்கம், முதல் தடவை திறக்கும்போதே கண்முன் வரும். என் சுத்தமான முகமும் அதில் ஒரு விருப்பமாக இருக்கும், உன் பதினேழு பேருக்காக. வெளியீடு ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. ஆறு பேர் குழு பக்கத்து மேசைக்காரருக்குப் போனது. அதற்கு நேற்று ராத்திரி முழுக்க வருத்தப்பட்டேன். இன்று காலை அந்தத் தனிப் பக்கத்தை வரையும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

ஜெயித்துவிட்டாய். இனிமேல் குளிக்காமல் போனை எடு.

உன்,
வாலு


ஆகஸ்ட் 30

அன்புள்ள வாலுவுக்கு,

நீ வரைந்த பக்கம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. கணினிப் பிரிவுக்காரர் வாசகர் கூடத்தில் எல்லாவற்றிலும் ஏற்றிவிட்டார். நில அளவையர் டேப்களை மறுபடி தரைக்கு இறக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. நான் மெதுவாகத்தான் செய்தேன். பெருக்கல் குறியை எடுத்தேன், டேப்பை நீட்டினேன், பட்டையை அகலமாக்கினேன், மவுஸை இடது பக்கம் மாற்றினேன். குறை சொல்ல ஒரு மணி நேரம் தேடினேன். எழுத்து இன்னும் கொஞ்சம் கறுப்பாக இருக்கலாம். அவ்வளவுதான்.

புதன்கிழமை தலைமை நூலகர் ஒரு தாளோடு வந்தார். அடுத்த மாதத்திலிருந்து பார்சல் அறை. தயங்கித் தயங்கிச் சொன்னார்; என்மேல் அவருக்குப் பகை ஒன்றும் கிடையாது. வழக்கமாக நான் இந்த மாதிரி நேரத்தில் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் எரிந்து விழுவேன். அன்றைக்கு ஏனோ அவரை உட்காரச் சொன்னேன்.

"சார், என் வலது கை நடுங்குது. ஒன்றரை வருஷமாச்சு. டாக்டர் பார்த்துட்டார். ஆபத்தில்லையாம், ஆனா நிக்கவும் நிக்காதாம். வேகம் குறைஞ்சதுக்கு அதுதான் காரணம், வேற எதுவும் இல்ல. இதை உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். இப்ப ஒரு மணி நேரம் இங்க உக்காந்து நான் வேலை செய்யறதைப் பாருங்க. அப்புறம் அந்தத் தாளைக் கொடுங்க."

உன் பிப்ரவரிக் கேள்விகளுக்கும் அதுவே பதில். தனியாக எழுத என்னிடம் வேறு சொற்கள் இல்லை. அத்தானுக்கு எல்லாம் தெரியும். அவரால்தான் டாக்டரிடம் போனேன்.

தலைமை நூலகர் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பதிவுகள். மூட நினைக்காத டேப் ஒன்றுகூட மூடவில்லை. அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எழுந்து நின்றார். பிறகு சும்மா பேச்சுக்குச் சொல்வதுபோல், நன்கொடையாக வந்த ஆறாயிரத்து முந்நூறு வரைபடங்கள் கிடங்கில் பட்டியலிடப்படாமல் கிடக்கின்றன, இரண்டு பேரைக் கேட்டும் முடியாது என்றுவிட்டார்கள் என்றார்.

என் மேசைக்கு அனுப்பச் சொன்னேன்.

முதல் நாற்பது பெட்டி வந்துவிட்டது. நடக்க வழி இல்லாமல் சுவர் ஓரமாக அடுக்கியிருக்கிறார்கள். வரைபடம் ஒன்றுக்கு ஒரு மணி நேரமாவது பிடிக்கும், எப்படிக் கணக்குப் போட்டாலும் நான்கு வருட வேலை. எனக்கு ஓய்வு வயதாக இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா